கிரீன் கார்டு உள்ள அம்மா எட்டு மாதம் ஊரில் தங்கினால் கார்டு போய்விடுமா?

எட்டு மாதம் தங்கியதாலேயே போய்விடாது. ஆனால் "ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து முகம் காட்டினால் போதும்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். நாங்கள் நம்பினோம்.

என் அம்மா மதுரையில் ஐந்து மாதம் இருப்பார், நியூ ஜெர்சிக்கு மூன்று வாரம் வருவார், திரும்பிப் போய்விடுவார். மூன்றாம் முறை விமான நிலையத்தில் அதிகாரி கேட்டது ஒரே கேள்வி: "உங்கள் வீடு எங்கே?" அம்மா உள்ளதைச் சொன்னார்: "மதுரையில்தான். இங்கே பிள்ளையைப் பார்க்க வந்தேன்." தனி அறையில் உட்கார வைத்து இரண்டு மணி நேரம் விசாரித்தார்கள். கடைசியில் எச்சரித்து விட்டார்கள். வெளியே காத்திருந்த எனக்கு உயிரே இல்லை.

அமெரிக்காதான் நிரந்தர வீடு என்பதே கார்டின் அடிப்படை. நாள் கணக்கு அதற்கு ஒரு அடையாளம் மட்டுமே. 180 நாளைத் தாண்டினால் புதிதாக உள்ளே வர அனுமதி கேட்பவராகவே சட்டம் பார்க்கும், கேள்விகள் கூடும். ஒரு வருடத்தைத் தாண்டினால் கார்டை மட்டும் காட்டித் திரும்ப முடியாது. குடியுரிமை கேட்க அமெரிக்காவில் தொடர்ந்து வசித்த காலத்தைப் பார்க்கும் கணக்கு தனி. ஆறு மாதம் தாண்டினாலே அதில் சிக்கல்.

அம்மாவுக்கு மூட்டு அறுவை சிகிச்சை ஊரில்தான் என்று முடிவானதும் ரீ-என்ட்ரி பெர்மிட்டுக்கு, அதாவது நீண்ட நாள் வெளியே இருந்துவிட்டுத் திரும்பி வருவதற்கான ஆவணத்துக்கு, ஐ-131 படிவம் போட்டோம். அந்த பெர்மிட் பொதுவாக இரண்டு வருடம் செல்லுபடியாகும். இதில் பலர் தவறுவது ஒரு இடத்தில்: விண்ணப்பிக்கும்போது அம்மா அமெரிக்காவில் இருக்க வேண்டும். ஊருக்குப் போனபின் போட முடியாது. கைரேகை கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். பெர்மிட் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இது இருந்தாலும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்று உத்தரவாதம் இல்லை, ஆனால் திரும்பி வரும் எண்ணத்துக்கு நல்ல சாட்சி.

அமெரிக்க வருமான வரியை அங்கே வசிக்காதவர் (nonresident) என்று தாக்கல் செய்யாதீர்கள். அது கார்டைக் கைவிட்டதற்கு ஆதாரமாகிவிடும்.

அம்மாவிடம் இதை மட்டும் பலமுறை சொல்லி அனுப்புங்கள்: விமான நிலையத்தில் ஐ-407 என்ற படிவத்தை நீட்டினால் கையெழுத்துப் போடக்கூடாது. அது கார்டைத் தாமாகவே விட்டுக்கொடுக்கும் படிவம். போட மறுத்தால் குடிவரவு நீதிபதி முன் வாதாடும் உரிமை அவருக்கு உண்டு.

மருத்துவச் சீட்டு, இங்குள்ள வங்கிக் கணக்கு, வரித் தாள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு அவர் கைப்பையிலேயே வையுங்கள். பெட்டியில் போட்டுவிட்டால் கேட்கும் நேரத்தில் எடுக்க முடியாது.