புரதச் செலவு: முட்டையை அளவுகோலாக வைத்துப் பாருங்கள்

கேள்வி: வீட்டில் பெரியவர்கள் மூன்று பேர். கோழிக்கறி, பால், முட்டை, புரோட்டீன் பவுடர் என்று மளிகைச் செலவில் பெரும்பங்கு இவற்றுக்கே போய்விடுகிறது. சத்து குறையாமல் செலவை எப்படிக் குறைப்பது? எதுதான் உண்மையில் மலிவு?

பதில்: கிலோ விலையை வைத்து ஒப்பிட்டால் விடை கிடைக்காது. கோழியின் எடையில் எலும்பும் சேர்ந்திருக்கிறது. பாலில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். எல்லாவற்றையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு முட்டையே வசதி, ஏனென்றால் ஒன்றில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது, அதன் விலையும் உங்களுக்கு மனப்பாடம்.

அதே 6 கிராம் வேண்டுமென்றால் வேகவைக்காத பருப்பு 25 கிராம், எலும்பில்லாத பச்சைக் கோழிக்கறி 27 கிராம், எலும்போடு என்றால் 45 கிராம், பால் 180 மி.லி., நிலக்கடலை 24 கிராம், மீல் மேக்கர் 12 கிராம் தேவை. அதாவது ஒரு கிலோ பருப்பு 40 முட்டைக்குச் சமம். எலும்பில்லாத கோழி 37 முட்டை, எலும்போடு 22 முட்டை. ஒரு லிட்டர் பால் ஐந்தரை முட்டை. பொருளின் விலையை இந்த எண்ணால் வகுத்து, வரும் தொகையை ஒரு முட்டையின் விலையோடு ஒப்பிடுங்கள். எலும்பில்லாத கறி எலும்புள்ளதன் விலையில் சுமார் 1.67 மடங்குக்கு உள்ளாக விற்றால், எலும்பில்லாததே லாபம்.

பலர் தவறுவது இங்கேதான்: சமைத்த கோழியில் 100 கிராமுக்கு 31 கிராம் புரதம், வெந்த பருப்பில் 9 கிராம் என்று படித்துவிட்டுப் பருப்பை ஒதுக்குகிறார்கள். கோழி வேகும்போது தண்ணீரை இழக்கிறது, பருப்போ தண்ணீரை உறிஞ்சுகிறது. நீங்கள் காசு கொடுப்பது சமைக்காத எடைக்கு. அந்த நிலையில் கோழி 22, பருப்பு 24.

ஆனால் பருப்பின் புரதம் முட்டையினுடையதைப் போல முழுதாகச் செரிக்காது, புரதத்தை உருவாக்கும் அமினோ அமிலங்களில் ஒன்றான மெத்தியோனினும் குறைவு. ஆகவே 25 கிராமுக்குப் பதில் 30 கிராம் என்று கணக்கிடுங்கள். அரிசி, கோதுமையில் குறைவாக உள்ள லைசின் என்ற இன்னொரு அமினோ அமிலம் பருப்பில் நிறைய இருப்பதால், ஒரே நாளில் இரண்டையும் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். நிலக்கடலை விலையில் ஜெயித்தாலும் கலோரியில் கனம்: முட்டையில் எழுபது சொச்சம், அதே புரதத்துக்கான கடலையில் சுமார் 135. எடை கூடக் கூடாதென்றால் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். பாலை வெறும் புரதக் கணக்கில் வெட்டிவிடாதீர்கள், 180 மி.லி.யில் 200 மில்லி கிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, முட்டையில் அது மிகக் குறைவு.

செலவு உண்மையில் கசியும் இடம் வேறு: தேவைக்கு மேல் வாங்குவது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஆரோக்கியமான பெரியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும். 60 கிலோ எடைக்கு 50 கிராம். நாளைக்கு 300 கிராம் தானியம் சாப்பிடுபவருக்கு அதிலேயே 20 முதல் 30 கிராம் வந்துவிடும். மீதிக்கு ஒரு முட்டை, 60 கிராம் பருப்பு, ஒரு டம்ளர் பால் என்றால் ஏறக்குறைய முடிந்தது. கடும் உடற்பயிற்சி செய்பவர், கர்ப்பிணி, முதியவர் ஆகியோருக்குக் கூடுதலாகத் தேவைப்படும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் எதையும் மாற்றக் கூடாது.

அடுத்த கசிவு வீணடிப்பு. வாங்கிய கறியில் கால் பங்கு கெட்டுப்போனால், மீதியை மூன்றில் ஒரு பங்கு கூடுதல் விலைக்கு வாங்கியதாக அர்த்தம். இரண்டு நாளில் சமைக்காத கறியை வாங்கிய அன்றே ஒரு வேளை அளவாகப் பிரித்து உறைய வையுங்கள்.

புரோட்டீன் பவுடரை நிறுத்துமுன் டப்பாவின் பின்புறம், 100 கிராமுக்கு எவ்வளவு புரதம் என்ற வரியைப் பாருங்கள். 75 இருந்தால் ஒரு முட்டைக்கு 8 கிராம் போதும், விலையை நியாயமாக ஒப்பிடலாம். 25 என்றிருந்தால் 24 கிராம் தேவை. மீதி பெரும்பாலும் சர்க்கரையும் மாவுச்சத்தும்தான். ‘புரதம் நிறைந்தது’ என்று அட்டையில் அச்சிட்ட பிஸ்கட்டையும் இதே வரியில் சோதியுங்கள். 10 கிராம் என்றிருந்தால், ஒரு முட்டைக்கு ஈடாக 60 கிராம் பிஸ்கட் தின்ன வேண்டியிருக்கும்.