பொருள் ஆசையைக் குறைத்து வாழ்வது நிஜத்தில் முடியுமா?

"நல்ல சம்பளம் வாங்குகிறவர் பொருள் மேல் பற்றில்லாமல் வாழ முடியுமா, இல்லை அதெல்லாம் வெறும் பேச்சா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். வாழ்ந்து காட்டியவர் ஜே.சி. குமரப்பா.

1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்காயர் பயிற்சி, பம்பாயில் தொழில், அப்புறம் அமெரிக்காவில் பொருளாதாரப் படிப்பு. 1929இல் காந்தியைப் பார்க்கச் சபர்மதிக்குப் போனபோது பட்டுச் சூட் போட்டிருந்தார். காந்தியோ தரையில் உட்கார்ந்து நூற்றுக்கொண்டிருந்தார். குமரப்பாவும் அந்தத் தரையிலேயே உட்கார்ந்தார். பிறகு கதருக்கு மாறி, கிராமத் தொழில்களுக்காகவே உழைத்தார். கடைசிக் காலத்தில் மதுரை அருகே தே. கல்லுப்பட்டியில் எளிமையாக வாழ்ந்தார்.

அவர் பணத்தை வெறுத்தவர் அல்ல, கணக்குத் தெரிந்தவர். எதை எடுக்கிறோம், பதிலுக்கு என்ன தருகிறோம் என்றுதான் பார்த்தார். இதற்கு இயற்கையிலிருந்தே உதாரணம் சொன்னார்: குரங்கு மாந்தோப்பில் புகுந்து பறித்துத் தின்கிறது, எதையும் திருப்பித் தருவதில்லை. தேனீயும் பூவிலிருந்து எடுக்கத்தான் செய்கிறது. ஆனால் எடுக்கும்போதே மகரந்தச் சேர்க்கை நடக்கிறது, சேர்த்த தேன் கூட்டுக்கே பொதுவாகிறது. குஞ்சுக்கு இரை தேடும் தாய்ப்பறவையை இதற்கும் மேலே வைத்தார். மனிதரின் பொருளாதாரத்தையும் இப்படியே தரம் பிரித்தார்.

என்னை மிகவும் பாதிப்பது அவருடைய இன்னொரு கருத்து: ஒரு பொருளை வாங்குகிறவர், அது உருவான விதத்துக்கும் பொறுப்பாளி. மலிவான சட்டை ஒன்றை எடுக்கும்போது தைத்தவருக்கு என்ன கூலி கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வேலையை விட வேண்டியதில்லை, இங்கிருந்தே தொடங்கலாம்.