பேத்னி புக்யாலில் சொந்தக் கூடாரம் போடலாமா?

கேள்வி: டெல்லி மயூர் விகாரில் இருக்கிறோம். அக்டோபரில் நண்பர்கள் மூன்று பேர் சொந்தக் கூடாரத்தோடு உத்தராகண்டின் பேத்னி புக்யாலுக்குப் போவதாக இருக்கிறோம். ஏஜென்ட் ஒருவர் தலைக்கு 2,500 ரூபாய் தந்தால் புல்வெளியிலேயே இரண்டு இரவு தங்க 'பர்மிட்' எடுத்துத் தருகிறேன் என்கிறார். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். புக்யால் என்பது மரங்கள் நின்றுபோகும் உயரத்துக்கு மேலுள்ள புல்வெளி. ஆலி, பேத்னி, பக்ஜி புக்யால்கள் தொடர்பான வழக்கில் 2018 ஆகஸ்டில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் புக்யால்களில் இரவு தங்கத் தடை விதித்தது. 200 பேருக்கு மேல் விடக்கூடாது என்றும் சொன்னது. பகலில் போய்ப் பார்க்கலாம், அவ்வளவுதான். 'அதெல்லாம் இப்ப இல்ல சார்' என்றால் தடையை நீக்கிய உத்தரவின் நகலைக் கேளுங்கள்.

ஏஜென்ட்கள் 'பர்மிட்' என்று நீட்டுவது பெரும்பாலும் வனத்துறையின் நுழைவுக் கட்டண ரசீது. அது நடக்கத்தான், தங்க அல்ல. வாட்ஸப்பில் வரும் மங்கலான போட்டோவுக்குப் பணம் அனுப்பாதீர்கள். வனத்துறையின் ரேஞ்ச் (வனச்சரக) அலுவலகத்தில் நேரில் உங்கள் பெயரிலேயே ரசீது வாங்குங்கள். ரேஞ்சர் 'ஃபீல்டுக்கு' போயிருப்பார், சில்லறை இருக்காது, அரை நாள் போய்விடும். ஒரு சீட்டுக்கு இத்தனை அலைச்சல் வைத்தால் ஏஜென்ட் பிழைக்காமல் என்ன செய்வான்?

பேத்னிக்குக் கீழே உள்ள வாண் கிராமத்தில் ஒரு இரவு, மேலே ஓக் காட்டுக்குள் கைரோலி பாதாளில் ரேஞ்ச் அலுவலகம் அனுமதித்தால் இன்னொரு இரவு, விடியலில் பேத்னி ஏறி மாலைக்குள் இறக்கம் என்று வையுங்கள். வாண் சுமார் 2,400 மீட்டர், பேத்னி 3,350. இப்படிப் படிப்படியாக ஏறினால் உயரத்தால் வரும் தலைவலியும் குறையும். காப்புக் காட்டில் தீ மூட்டுவது 1927 வனச் சட்டப்படி குற்றம். 'கேம்ப்ஃபயர் இலவசம்' என்கிற ஆளிடம் போகவே வேண்டாம்.

ஒரு விலக்கு உண்டு: தனியார் நிலம். அங்கே அதை 'நாப்' நிலம் என்பார்கள், அதாவது அளந்து பெயரில் பதிந்தது. உரிமையாளர் சம்மதித்தால் கூடாரம் போடலாம். ஆனால் கிராமத்தை ஒட்டிய சரிவெல்லாம் நாப் அல்ல. கிராமத்தார் கூட்டாகப் பராமரிக்கும் வனப் பஞ்சாயத்து நிலம் இருக்கும், 'சிவில் சோயம்' என்ற அரசு நிலமும் இருக்கும். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. 'நம்ம மச்சான் நிலம்' என்று ஏஜென்ட் கை காட்டினால் கதௌனியைக் கேளுங்கள். நம் ஊர்ப் பட்டா மாதிரி அங்கே அதுதான் காகிதம். கதௌனியில் உள்ள பெயரும் வாடகை வாங்குகிறவரின் ஆதாரில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். புக்யாலில் நாப் நிலம் என்று யார் சொன்னாலும் பொய்.

அடுப்பு விஷயம். கேஸ் டப்பாவை மலையடிவார ஊரான காத்கோதாமுக்குப் போகும் ரயிலில் கொண்டுபோகக் கூடாது, மலையடிவாரத்தில் வாங்குங்கள். மேஜை அடுப்புக்கு விற்கும் நீள டப்பாவில் இருப்பது வெறும் பியூட்டேன். 0 டிகிரியை நெருங்கினால் அது ஆவியாகாது, அடுப்பு முனகி அணைந்துவிடும். ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த திருகு டப்பாவாகக் கேளுங்கள். குளிருக்குப் பயந்து கூடாரத்தை மூடி உள்ளே சமைக்காதீர்கள். அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு வாசனை கிடையாது.