பூஞ்சை ஈ: புது இனம் என்று எப்போது சொல்லலாம்?

கேள்வி: மாடித் தோட்டத்துத் தொட்டி மண்ணில் கொசு மாதிரி சின்னதாக, கறுப்பாக ஒரு பூச்சி. போட்டோ அனுப்பினால் என்ன இனம் என்று சொல்வீர்களா, ஐயா?

பதில்: குடும்பம் வரை சொல்லலாம். இறக்கையில் ஒரு நரம்பு கவட்டை போலப் பிரிந்து மணி வடிவில் நிற்கிறதா பாருங்கள். இரண்டு கண்களும் உணர்கொம்புக்கு மேலே ஒல்லியான பாலம் போட்டது போலச் சேர்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். இரண்டும் இருந்தால் அது பூஞ்சை ஈ, சியாரிடே குடும்பம். தொட்டிகளில் அடிக்கடி வருவது பிராடிசியா பேரினம். அதற்கு மேல் போட்டோவை வைத்துப் பெயர் சொல்பவரை நம்பாதீர்கள், என்னையும் சேர்த்து.

கேள்வி: எல்லோரும் ஆண் பூச்சியையே கேட்கிறார்களே, ஏன்? என்னிடம் பெண் மட்டும்தான் இருக்கிறது.

பதில்: ஆணின் வயிற்று நுனியில் இடுக்கி போல ஓர் உறுப்பு இருக்கும். அதன் வடிவம், அதிலுள்ள முட்கள் எத்தனை, எந்த இடத்தில் என்பதுதான் பெரும்பாலும் இனத்தைக் காட்டிக்கொடுக்கும். நிறத்தை நம்பிப் பயனில்லை. எத்தனாலில் கிடந்தால் அதுவும் மங்கிவிடும். நுனியை வெட்டிப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டால் தசை கரைந்து கூடு மட்டும் மிஞ்சும். அப்புறம் கனடா பால்சம் என்ற தெளிந்த பிசினில் பதித்து, நுண்ணோக்கியில் பார்க்க ஸ்லைடு போடலாம். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றாதீர்கள். என் முதல் மாதிரி அப்படித்தான் கூழாகிப் போனது.

பெண்ணை முட்டையிட வைத்து ஆணை எடுக்கலாமே என்று தோன்றும். பிராடிசியா கோப்ரோஃபிலா என்ற இனத்தில் ஒரு தாய்க்குப் பிறப்பது ஒன்று எல்லாம் ஆண், இல்லையென்றால் எல்லாம் பெண்! அதனால் ஒரே தாயை நம்பி உட்காராமல் நாலைந்து தாய்களை வளர்த்துப் பாருங்கள்.

கேள்வி: டிஎன்ஏ பார்கோடு எதனோடும் பொருந்தவில்லை. அப்படியானால் புது இனம்தானே?

பதில்: அதற்குள் இனிப்பு வாங்க வேண்டாம். பார்கோடு என்பது சிஓஐ என்ற ஒரே மரபணுவின் ஒரு துண்டு; அதில் 658 டிஎன்ஏ எழுத்துகளைத்தான் ஒப்பிடுகிறோம். நூறு வருடம் முன்பு பெயரிட்ட பல இனங்களுக்கு டிஎன்ஏ பதிவே கிடையாது. உங்கள் பூச்சி அவற்றில் ஒன்றாக இருக்கலாம். பழைய விவரிப்புகளைப் படித்து, அருங்காட்சியகத்திலுள்ள மூல மாதிரிகளோடு (பெயர் வைத்தபோது அடிப்படையாகக் கொண்ட பூச்சிகள்) ஒப்பிட்ட பிறகே "புதிது" என்ற சொல்லை எடுக்க வேண்டும். வேலையின் பெரும்பகுதி இதுதான். இதில் அவசரம் கூடாது என்பதற்கு ஓர் உதாரணம்: குகையில் ஒளிரும் நியூசிலாந்துப் பூஞ்சை ஈயை 1891இல் ஸ்கியூஸ் என்ற பூச்சியியலாளர் விவரித்தபோது பொலிட்டோஃபிலா பேரினத்தில் வைத்தார். அதற்கென்றே அரக்னோகாம்பா என்ற தனிப் பேரினம் வந்தது 1924இல். ஆஸ்திரேலியாவில் அதே பேரினத்தில் ஐந்து புது இனங்கள் 2010இல்தான் விவரிக்கப்பட்டன.

கேள்வி: என் பெயரையே வைக்கலாமா?

பதில்: விதி தடுக்காது, சக ஆய்வாளர்கள் சிரிப்பார்கள். கண்டெடுத்த ஊரின் பெயரை வையுங்கள். ஹோலோடைப் என்று, அந்தப் பெயருக்கு அடையாளமாக நிற்கும் ஒரே ஒரு மாதிரியைக் குறித்து, அது எந்தச் சேகரிப்பில் இருக்கும் என்பதையும் கட்டாயம் எழுத வேண்டும். மின்னிதழில் மட்டும் வெளியிட்டால், விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிவும் தேவை. அது இல்லையென்றால் பெயர் செல்லாது.