வினையின் நீங்கிய முனைவர்

கேள்வி: செவ்வியல், மரபு, புலமை என்ற சொற்களுக்குச் சரியான பொருள் என்ன? முனைவர் பட்டம் பெறாத என்னைப் போன்றவர்கள் சங்கப் பாடல்களைப் பற்றி எழுதலாமா?

பதில்: முதல் மூன்று சொற்களை அகராதி பார்த்துக்கொள்ளும். நீங்கள் பயந்துகொண்டே போட்ட நாலாவது சொல்லுக்கு வருவோம்: முனைவர்.

'வினையின் நீங்கி விளங்கிய அறிவின் முனைவன் கண்டது முதல்நூல் ஆகும்' என்கிறது தொல்காப்பியம், அதுவும் மரபியல் என்ற இயலில். முனைவன் என்றால் கடவுள் என்றும் பொருள் உண்டு. அந்தச் சொல்லைத்தான் எடுத்து பிஎச்.டி.க்குக் கொடுத்திருக்கிறோம். பொருந்தவில்லை என்று சொல்லமாட்டேன். பட்டம் வந்த மறுநாளே எல்லா வினையிலிருந்தும் நீங்கியவர்கள் எனக்கே நிறையப் பேரைத் தெரியும். 'விளங்கிய அறிவு' பின்னால் வந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'முதல்நூல்'தான் இடிக்கிறது. நன்னூல் நூலை முதல், வழி, சார்பு என்று மூன்றாகப் பிரிக்கும்; முதல்நூலைப் பின்பற்றி எழுதுவது வழிநூல். எனக்கு மதிப்புரைக்கு வரும் ஆய்வேடுகள் பலவும் வழிநூலுக்கு வழிநூல். சிலவற்றில் நன்றியுரை மட்டும் முதல்நூல். முன்பு இதைச் சொன்னதற்காக ஒரு பேராசிரியர் சந்தாவை நிறுத்தினார். இப்போது இன்னொருவரும் நிறுத்தலாம்.

'பண்டிதர்' என்பதும் இப்படி அலைந்த சொல்தான். அந்தக் காலத்தில் பண்டிதரைக் கூப்பிடு என்றால் செய்யுளுக்கு உரை சொல்பவரும் வரலாம், நாடி பிடிப்பவரும் வரலாம். தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் சித்த மருத்துவர். மருந்து விற்ற பணத்தில் இசையை ஆராய்ந்து 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெரும் நூலைக் கொண்டுவந்தார். ஒரு ஸ்தாயிக்குள், அதாவது ச முதல் மேல் ச வரை, உள்ள நுண்சுரங்களான சுருதிகள் 22 என்று சாதித்தவர்களோடு, இல்லை 24 என்று மல்லுக்கு நின்றார். யார் பக்கம் நியாயம் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த சண்டை. யாராவது கேள்வி அனுப்பினால் நாலு பக்கம் எழுதத் தயார்.

சரி, எழுதலாமா என்று கேட்டீர்கள். உ.வே.சா. சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது 1887-இல். சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது 1932-இல். பட்டம் வரட்டும், அப்புறம் சுவடியைப் பிரிக்கலாம் என்று அந்த 45 ஆண்டும் அவர் காத்திருந்தால் பட்டத்தைக் கரையானுக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும்.

எழுதி அனுப்புங்கள். ஒரே ஒரு நிபந்தனை: உரையை மட்டும் படித்துவிட்டு எழுதாதீர்கள், பாட்டையும் படியுங்கள். இந்த நிபந்தனை முனைவர்களுக்கும் உண்டு.