கரண்ட் வந்ததும் ராஸ்பெர்ரி பை 4 திரை கருப்பாகவே இருந்தால்

மன்னார்குடி ஆலையில் கரண்ட் போய் வந்தால் மட்டும், பை 4 என்ற சிறு கணினியோடு இணைத்த எடை காட்டும் டிவி கருப்பாகிறது என்கிறீர்கள். ஓவர்லேயில், அதாவது திரை டிரைவரைத் தேர்ந்தெடுக்கும் வரியில், கை வைக்காதீர்கள். விசி4-கேஎம்எஸ்-வி3டி (vc4-kms-v3d) அப்படியே இருக்கட்டும். பை பூட் ஆகும்போது படிக்கும் சிஎம்டிலைன்.டிஎக்ஸ்டி (cmdline.txt) கோப்பில், வரிக் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு, வீடியோ=ஹெச்டிஎம்ஐ-ஏ-1:1920எக்ஸ்1080@60டி என்பதை ஆங்கில எழுத்தில் (video=HDMI-A-1:1920x1080@60D) சேருங்கள். கடைசி டி (D) பெரிய எழுத்து. திரை பதில் சொல்லாவிட்டாலும் சிக்னல் அனுப்பச் சொல்வது அதுதான்.

கரண்ட் வந்ததும் டிவி தயாராவதற்குள் பை பூட் ஆகிவிடுகிறது போலும். நீங்கள் போட்டிருக்கும் ஹெச்டிஎம்ஐ_ஃபோர்ஸ்_ஹாட்பிளக் (hdmi_force_hotplug) என்ற அமைப்பு பழைய டிரைவருக்கானது, இப்போதுள்ள கேஎம்எஸ் டிரைவர் அதைக் கண்டுகொள்ளாது.

டிவியை அணைத்துவிட்டு பையை ரீபூட் செய்யுங்கள், அப்புறம் டிவியைப் போடுங்கள். படம் வராவிட்டால் கேபிளைப் பாருங்கள்: பவர் சாக்கெட்டை ஒட்டிய ஹெச்டிஎம்ஐதான் ஏ-1.

சிஎம்டிலைன் கோப்பு முழுக்க ஒரே வரி. நடுவில் என்டர் தட்டினால் பூட் ஆகாமலே போகலாம், முதலில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பையில் இருப்பது ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் புக்வார்ம் பதிப்பு என்றால் அந்தக் கோப்பு பூட்/ஃபர்ம்வேர் (/boot/firmware) ஃபோல்டரில் இருக்கும்.