சட்டைப்பையில் ஓர் அட்டை

அன்புள்ள ஐயா,

புராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீர்க் கசிவுக்காகச் செயற்கைச் சுருக்குத்தசை வைத்துக்கொண்டதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்த பிறகுதான் எனக்கும் அதைப் பற்றி டாக்டரிடம் கேட்கத் தைரியம் வந்தது. எனக்கு வயது 66. கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். புற்றுநோய்க்காக புராஸ்டேட்டை எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. அன்று முதல் கசிவு. மூன்று வாரத்துக்கு முன்பு கருவியைப் பொருத்தினார்கள். ஆனால் இன்றைக்கும் அப்படியேதான் ஒழுகுகிறது. ஆறு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவு செலவு செய்தும் வீணாகிவிட்டதோ என்று ராத்திரி தூக்கமே வருவதில்லை. தை மாதம் மகள் கல்யாணம். மணவறையில் உட்கார வேண்டும். வெளியிடங்களில் எப்படிச் சமாளிப்பது? சைக்கிள் ஓட்டலாமா? மனைவியோடு சேர்ந்திருக்கலாமா? இது எத்தனை வருடம் உழைக்கும்? மனைவியைத் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது. மகனிடம் ஹெர்னியா ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறேன். என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்விக்கு வருகிறேன். எதுவும் வீணாகவில்லை. கருவி இப்போது வேலை செய்யாததற்குக் காரணம், அதை வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்பதுதான். சிறுநீர்க்குழாயைச் சுற்றி ஒரு வளையம் போட்டிருக்கிறார்கள் அல்லவா, அந்த கஃப் புண் ஆறும் முன்பே இறுக்கிப் பிடித்தால் குழாயின் தசை அரித்துப்போகும் ஆபத்து உண்டு. அதோடு, அந்த கஃபைத் திறப்பதற்கான பம்ப் விதைப்பைக்குள் இருக்கிறது; அங்கே வீக்கமும் வலியும் இருக்கும்போது அதை உங்களால் பிடித்து அழுத்தவும் முடியாது. அதனால்தான் பொதுவாக 4 முதல் 6 வாரம் வரை காத்திருக்கச் சொல்கிறார்கள். அதுவரை பழைய கசிவு அப்படியே இருக்கும். ஆபரேஷனுக்கு முன்பே இதை அழுத்திச் சொல்லியிருந்தால் உங்களுக்கு இந்த மூன்று வார வேதனை இருந்திருக்காது. சரி, இன்னும் கொஞ்ச நாள்தான். பேட் போதுமான அளவு வாங்கி வையுங்கள்.

புராஸ்டேட்டை எடுக்கும்போது சிறுநீர்ப்பையின் கழுத்தில் இருக்கும் இயற்கையான அடைப்பும் கூடவே போய்விடுகிறது. அதற்குக் கீழே உள்ள சுருக்குத்தசை ஒன்றுதான் பிறகு எல்லாப் பாரத்தையும் தாங்க வேண்டும். அது பலவீனப்பட்டிருந்தால் இருமினால், தும்மினால், நாற்காலியிலிருந்து எழுந்தால் ஒழுகும். இடுப்புத்தளத் தசைப் பயிற்சியிலேயே பலருக்கு இது சரியாகிவிடுகிறது. ஒரு வருடம் போலப் பார்த்தும் தேறாதவர்களுக்குத்தான் இந்தக் கருவி. ஹூஸ்டனில் பிராண்ட்லி ஸ்காட் என்ற மருத்துவர் 1972-இல் இதன் முதல் வடிவத்தைப் பொருத்தினார். அதில் திறக்க ஒரு பம்ப், மூட ஒரு பம்ப் என்று இரண்டு இருந்தன. 1983 முதல் புழக்கத்தில் இருக்கும் ஏ.எம்.எஸ். 800 என்ற வடிவத்தில் ஒரே பம்ப். திறப்பது மட்டும் நம் வேலை, மூடுவதை அதுவே பார்த்துக்கொள்கிறது. எழுபது வயதை நெருங்கும் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம் என்பது பயன்படுத்தும்போது தெரியும்.

ஆறு வாரம் கழித்துப் போகும்போது டாக்டர் விதைப்பைக்குள் இருக்கும் பம்பை ஒருமுறை பலமாக அழுத்துவார். கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான். அதன் பிறகு உங்களையே செய்யச் சொல்வார். பம்பைத் தோலுக்கு மேலாகவே தொட்டு உணரலாம். மேல்பாதி கெட்டியாக இருக்கும், அதில் ஒரு சிறு பொத்தான் தட்டுப்படும். அது கருவியை நிறுத்துவதற்கானது, நீங்களாக அதைத் தொடாதீர்கள். கீழ்ப்பாதி மிருதுவானது. ஒரு கையின் இரண்டு விரலால் பம்புக்கு மேலே உள்ள குழாயைப் பிடித்துக்கொண்டால் பம்ப் நழுவி மேலே ஏறாது. மற்ற கையால் மிருதுவான பகுதியை அழுத்தி விட வேண்டும், மறுபடி அழுத்தி விட வேண்டும். சில அழுத்தல்களில் அது உப்பாமல் சப்பையாகவே நின்றுவிடும். கஃபில் இருந்த திரவம் முழுவதும் அடிவயிற்றில் உள்ள பலூனுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். இப்போது வழி திறந்திருக்கிறது. 3 முதல் 5 நிமிடத்துக்குள் திரவம் தானாகத் திரும்பி வந்து கஃப் மூடிக்கொள்ளும்.

இந்த இடைவெளியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். சிறுநீர் கழித்ததும் அவசரமாகக் கிளம்பினால் கஃப் இன்னும் திறந்துதான் இருக்கும், வேட்டி நனையும். கழிப்பறையிலேயே நிதானமாக நின்று, கைகால் கழுவிவிட்டு வெளியே வாருங்கள். வெளியிடங்களில் வரிசையாக நிற்கும் இடத்துக்குப் போகாமல் கதவுள்ள அறைக்குப் போய்விடுவது நல்லது. அங்கே உங்களை யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

கசிவு அடியோடு நின்றுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பலமாகத் தும்மினால், கனமான எதையாவது தூக்கினால், தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து சட்டென்று எழுந்தால் சில சொட்டு வரலாம். மெல்லிய பேட் ஒன்று நாள் முழுக்கப் போதும் என்ற நிலையைத்தான் மருத்துவர்கள் வெற்றி என்கிறார்கள். கசிவோடு இருந்த காலத்தை நினைத்துப் பார்த்தால் நானும் அதை வெற்றி என்றுதான் சொல்வேன். நம் ஊரில் ஆண்கள் கழிப்பறை எதிலும் குப்பைக்கூடை கிடையாது. கனத்துப்போன பேட்டைச் செய்தித்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, அதைத் தோள்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீடு வரைக்கும் வர வேண்டும். பக்கத்து சீட்காரர் மூக்கைச் சுளிக்கிறாரோ என்று பார்த்துக்கொண்டே வருவோம். உங்களுக்கும் இது தெரிந்திருக்கும். கடைகளும் மண்டபங்களும் ஆண்கள் பக்கமும் ஒரு மூடி போட்ட கூடை வைக்க வேண்டும் என்று நான் பார்க்கிற இடத்திலெல்லாம் சொல்லி வருகிறேன்.

தண்ணீருக்கு வருகிறேன். கசிவு உள்ளவர்கள் எல்லாரும் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறோம். அதில் சிறுநீர் அடர்த்தியாகி எரிச்சல் கூடும், மலச்சிக்கலும் சேரும். முக்குவது இந்தக் கருவிக்கும் நல்லதில்லை. கருவி இயங்கத் தொடங்கியதும் நன்றாகக் குடியுங்கள். காபியை மட்டும் கொஞ்சம் அளவோடு. இரண்டு வருடம் நிரம்பியே பழக்கமில்லாத சிறுநீர்ப்பை ஆரம்பத்தில் அடிக்கடி முட்டும், பயப்படாதீர்கள், பழகிவிடும். அதே சமயம் அடக்கி அடக்கி வைக்கவும் கூடாது. மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை போய்விடுங்கள். கல்யாணத்தன்று முகூர்த்தத்துக்கு முன் ஒருமுறை போய் வந்துவிட்டால் மணவறையில் கவலையே வேண்டாம். கீழே ஒரு தடித்த மெத்தை போடச் சொல்லுங்கள்.

சைக்கிள் வேண்டாம். கஃப் இருப்பது இரு தொடைக்கும் நடுவே, குறுகிய சீட் நேராக அழுத்துகிற இடத்தில். ஸ்கூட்டரின் அகலமான சீட் அப்படி இல்லை, ஆனால் எப்போது ஆரம்பிக்கலாம் என்பதை உங்கள் டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள். மனைவியோடு சேர்ந்திருப்பதற்கு, புண் ஆறிக் கருவி இயங்கத் தொடங்கிய பிறகு, இது தடையே இல்லை. முன்கூட்டியே சிறுநீர் கழித்துவிடுங்கள். விறைப்பில் குறை இருந்தால் அது புராஸ்டேட் ஆபரேஷனால் வந்தது, இந்தக் கருவியால் அல்ல. அதற்குத் தனியே வைத்தியம் இருக்கிறது, கூச்சப்படாமல் கேளுங்கள்.

எத்தனை வருடம் என்றால், பலருக்குப் பத்து வருடம் வரைக்கும், சிலருக்கு அதற்கு மேலும் உழைக்கிறது. திரவம் கசிவது, கஃபுக்கு அடியில் குழாய் மெலிவது போன்ற காரணங்களால் இடையிலேயே மறு ஆபரேஷன் தேவைப்படுகிறவர்களும் கணிசமாக இருக்கிறார்கள். உங்களுக்குக் கதிர்வீச்சு கொடுத்திருந்தால் அரிப்பு ஏற்படும் வாய்ப்பு கூடுதல். விதைப்பை சிவந்து வீங்குவது, புதிதாக வலி, சிறுநீரில் ரத்தம், நின்றிருந்த கசிவு திடீரென்று திரும்புவது, இதில் எது வந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

இப்போது, உங்கள் கடிதத்தில் என்னை உண்மையிலேயே கவலைப்பட வைத்த வரி. மகனிடம் ஹெர்னியா என்று சொல்லியிருக்கிறீர்கள்.

நம் ஊரில் மயங்கி விழுந்த ஒருவரை எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாலும் நடக்கும் முதல் காரியங்களில் ஒன்று யூரின் டியூப் போடுவது. விபத்தானாலும் சரி, மாரடைப்பானாலும் சரி, முட்டி மாற்று ஆபரேஷனானாலும் சரி. கஃப் மூடியிருக்கும்போது அதன் வழியே டியூபைத் தள்ளினால் சிறுநீர்க்குழாய் கிழியலாம், அரித்துப்போகலாம், கருவியையே எடுத்துவிட வேண்டி வரலாம். முதலில் பம்பை அழுத்திக் கஃபைத் திறந்து, அந்தப் பொத்தானால் கருவியை நிறுத்த வேண்டும். பிறகுதான் மெல்லிய டியூபாகப் போட்டு, கூடிய சீக்கிரம் எடுத்துவிட வேண்டும். இது தெரிந்த யூராலஜிஸ்ட் வந்து செய்ய வேண்டிய வேலை. அவசரப் பிரிவில் இருக்கும் நர்ஸுக்கு உங்கள் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாதே. நீங்கள் நினைவில்லாமல் கிடப்பீர்கள். உங்கள் மனைவி பதற்றத்தில் இருப்பார். மகனைக் கேட்பார்கள். அவன் ஹெர்னியா என்று சொல்வான்.

பின்னாளில் எனக்கு முட்டி ஆபரேஷன் நடந்தபோது டியூபும் தட்டுமாக நர்ஸ் வந்து நின்றார். நான் விழித்திருந்ததால் சொன்னேன். அவர் இப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார், ஆனால் உடனே தட்டை எடுத்துக்கொண்டு போய் டாக்டரை அழைத்து வந்தார். சொன்னால் கேட்கிறார்கள். சொல்ல ஆள் வேண்டும்.

ஓர் அட்டை செய்துகொள்ளுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும்: "இவருக்குச் செயற்கைச் சிறுநீர்ச் சுருக்குத்தசை பொருத்தப்பட்டிருக்கிறது. கருவியை நிறுத்தாமல் டியூப் போடக் கூடாது." கீழே உங்கள் டாக்டரின் போன் எண். பிளாஸ்டிக் உறை போட்டு எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும், ஒரு பிரதி பீரோவில். நான் என் மகனிடம் சொல்லத் தயங்கித் தயங்கி ஒருநாள் போனில் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்சம் மௌனம். அப்புறம் அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அப்பா, அந்த கார்டை போட்டோ எடுத்து அனுப்புறீங்களா? என் போன்லயும் இருக்கட்டும்."

நீங்கள் வளர்த்த பிள்ளை. இரண்டு வருடமாக அப்பா ஏன் வெளியூருக்கு வர மறுக்கிறார், ஏன் வாசலோரமாகவே உட்காருகிறார் என்று அவன் கவனிக்காமலா இருந்திருப்பான்? கருவியை இயக்கி வைக்க ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் அவனையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். பம்ப் எங்கே இருக்கிறது, டியூப் விஷயத்தில் என்ன செய்யக் கூடாது என்பதை டாக்டர் வாயாலேயே இருவரும் கேட்கட்டும். கல்யாணத்துக்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். மண்டபத்தில் உங்கள் அட்டை யாரிடம் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அன்புடன்